துருப்பிடித்த நடு-எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரா, ஆம்னியா, ஹெரால்டா? பதினெட்டு வயதில் முதல் பழைய காரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

"ஒரு டொயோட்டா எம்ஆர்2 இருக்கிறது. பத்து வருஷமாக ஷெட்டிலேயே கிடக்கிறது. துரு உண்டு, ஸ்டார்ட் ஆகாது. வாங்கி நானே சரிபண்ணலாமா?" பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இப்படி எழுதுகிறார்கள். அப்பாக்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "பையன் பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறான். அதே காசுக்கு வேறு ஏதாவது பழைய வண்டி வாங்கிக் கொடுத்தால் ஆகாதா?"

இரண்டு தரப்புக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். முதலில் பிள்ளைகள் பக்கம் நின்று ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த ஆசை வீணான ஆசை இல்லை. நடு-எஞ்சின் காரில் எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களின் அச்சுக்கு முன்னால் இருக்கும். வண்டியின் கனமெல்லாம் நடுவில் குவிந்திருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் உடனே திரும்பும். ரேஸ் கார்களும் கோடிக்கணக்கில் விலைபோகும் இத்தாலிய கார்களும் இப்படித்தான் கட்டப்படுகின்றன. அதைச் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் கொடுத்த கார்கள் கொஞ்சம்தான். 1972-ல் வந்த ஃபியட் எக்ஸ்1/9 ஒன்று. 1984 முதல் 2007 வரை மூன்று தலைமுறையாக வந்த டொயோட்டா எம்ஆர்2 இன்னொன்று.

இரண்டுமே இந்தியாவில் ஷோரூமில் விற்கப்பட்டதில்லை. இங்கே இருப்பவை எல்லாம் எப்போதோ யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவை. புதிதாக ஒன்றை வரவழைக்கலாம் என்றால், தயாரித்து மூன்று வருடத்துக்கு மேலான பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய விதி இடம் கொடுப்பதில்லை. ஆகவே ஏற்கெனவே நம் நாட்டுக்குள் இருப்பதில் ஒன்று கண்ணில் பட்டால்தான் உண்டு. அந்த அரிய நிலைமைதான் அவசரப்பட வைக்கிறது. "இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது" என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் போன கார் வாங்கலாம். உடம்பு போன கார் வேண்டாம். பேப்பர் போன கார் பக்கமே போகக் கூடாது. கார் விற்பவர்கள் இதைத் தலைகீழாகக் காட்டுவார்கள். பெட்ரோல் ஊற்றி எஞ்சினை உறும வைத்துக் காட்டுவார்கள், ஆர்சி புக்கைக் கடைசியில் எடுப்பார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

பேப்பர். தனியார் காரின் பதிவு 15 வருடம். அதற்கப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ஆக்கியது. இறக்குமதி செய்த காராக இருந்தால் 80,000. எம்ஆர்2-வைப் பார்ப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்காமல் கிடந்திருந்தால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணமும் சேரும். பசுமை வரி தனி.

கட்டணமாவது கட்டித் தீர்க்கக் கூடியது. கட்டித் தீர்க்க முடியாத சிக்கல்களும் உண்டு. ஆர்சியில் பெயர் உள்ளவர் இறந்துபோயிருப்பார், மூன்று பிள்ளைகளில் ஒருவர் மட்டும் விற்க முன்வருவார். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் படிவம் 31-ம் இல்லாமல் அந்த வண்டி உங்கள் பெயருக்கு மாறாது. வெளிமாநில வண்டி என்றால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்குக் கெடுபிடி என்பதால் அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகள் நிறைய. விலையைப் பார்த்து மயங்காமல் என்ஓசி கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இறக்குமதி கார் என்றால் சுங்கவரி கட்டிய ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள். தற்காலிக அனுமதியில் வந்து திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட கார் என்றால் வண்டியையே பறிமுதல் செய்யலாம்.

உடம்பு. எம்ஆர்2, எக்ஸ்1/9 போன்ற கார்களுக்குத் தனிச் சட்டம் (சேசிஸ்) கிடையாது. கீழ்த்தகடு, பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் கூடு எல்லாம் சேர்ந்த தகட்டுக்கூடுதான் வண்டியைத் தாங்குகிறது. கதவிலும் பானெட்டிலும் துரு இருந்தால் அழகுதான் கெடும். பக்கவாட்டுப் பெட்டியிலும் சஸ்பென்ஷன் கூட்டிலும் துரு இருந்தால் வண்டியின் பலமே போச்சு.

அண்ணா நகர் பக்கம் ஒரு ஷெட்டில் நின்ற சிவப்பு எம்ஆர்2-வைப் பார்க்கப் போயிருந்தோம். தூரத்தில் பார்த்தால் பளபளவென்று இருந்தது. கூட வந்த டிங்கர் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே நகர்த்திக்கொண்டே வந்தார். முன் சக்கரத்தில் இருந்து ஒரு சாண் வரை ஒட்டியது. அப்புறம் கீழே விழுந்தது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் விழுந்தது. தரையில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்தினார். ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி பெயர்ந்து விழுந்தது, அதற்குள்ளே ஃபைபர் பாய், அதற்கும் உள்ளே சுருட்டி அடைத்த பழைய துணி. தகடே இல்லை. எஞ்சின் அருமையாக ஓடியது, அந்தக் காரை விட்டுவிட்டு வந்தோம்.

சென்னையில் இன்னொரு சோதனையும் அவசியம். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முங்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் கறை தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் முனைகளில் பச்சை பூத்திருந்தால் மின் கோளாறு உங்களை வருடக்கணக்கில் துரத்தும்.

உதிரிபாகம். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கிடைக்குமா, கூரியரில் வரவழைக்க வேண்டுமா? கிடைக்காததை அம்பத்தூர், பாடி பக்கத்து லேத் பட்டறைகளில் கடைந்து வாங்க முடியுமா? புஷ், பின், பிராக்கெட் எல்லாம் கடையலாம். முன் கண்ணாடியைக் கடைய முடியாது.

இடம். மழைக்கு நனையாத, நான்கு பக்கமும் ஆள் நடமாட இடமுள்ள, தளம் போட்ட இடம் வேண்டும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்டாண்டில் ஏற்றிய காரை ஒரு வருடம் வைத்திருக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாது. வாடகை ஷெட் என்றால் அந்த வாடகையையும் காரின் விலையில் சேருங்கள்.

பாதுகாப்பு. சரிபண்ணும்போதும் ஓட்டும்போதும். இதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், கீழே வருகிறது.

## முதல் வழி: துருப்பிடித்த எம்ஆர்2 அல்லது எக்ஸ்1/9

மனசுக்குப் பிடித்த வழி இதுதான், அதனால் இதில்தான் அதிகம் கவனம் வேண்டும்.

முதல் தலைமுறை எம்ஆர்2 ஏறத்தாழ ஒரு டன் எடை, 1.6 லிட்டர் 16 வால்வு எஞ்சின். டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ என்ற அந்த எஞ்சின் உலகம் முழுக்க ஓடியதால் பாகங்கள் இன்னும் வெளிநாட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. துரு பிடிக்கும் இடங்கள் பின் சக்கர வளைவும் கதவுக்குக் கீழ்ப்பெட்டியும். கழற்றக்கூடிய கண்ணாடிக் கூரை உள்ளது என்றால் ரப்பர் காய்ந்து மழைநீர் உள்ளே இறங்கி, கால் வைக்கும் தகட்டையும் அரித்திருக்கும்.

மூன்றாம் தலைமுறையில் இருப்பது 1.8 லிட்டர் 1இசட்இசட் எஞ்சின். 2003-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா கரோலாவிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான் இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. ஃபில்டர், சென்சார், கேஸ்கெட் எனப் பல பாகங்களை இங்கேயே தேட முடியும், அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளும் சென்னையில் இருக்கிறார்கள். அதன் பழைய எஞ்சின்கள் ஆயில் குடிக்கும் என்பதும், எக்சாஸ்ட் பக்கம் புகையைச் சுத்தம் செய்யும் சின்ன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உதிர்ந்து எஞ்சினுக்குள் போகும் என்பதும் உலகறிந்த குறைகள். வாங்கும் முன் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்1/9 பார்க்க அழகு. பெர்டோனே வடிவமைப்பு, கூரைப் பலகையைக் கழற்றி முன் டிக்கியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் துருவுக்குப் பேர்போனது. எஞ்சின் ஃபியட் 128-ன் வாரிசு. "நம்ம பிரீமியர் பத்மினியும் ஃபியட்தானே, பாகம் கிடைக்காதா?" என்று கேட்பவர்களுக்கு: பத்மினியின் எஞ்சின் அதைவிட ஒரு தலைமுறை பழையது, ஒன்று மற்றதற்குப் பொருந்தாது.

இரண்டிலுமே ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். இடையில் வண்டியின் அடியில் நீளமான தண்ணீர்க் குழாய்கள் ஓடுகின்றன. துருப்பிடித்த வண்டியில் இந்தக் குழாய்களும் துருப்பிடித்திருக்கும். குழாயை மாற்றி கூலண்ட் நிரப்பும்போது உள்ளே காற்று அடைபட்டால் மீட்டர் சரியான சூட்டைக் காட்டாது, எஞ்சின் ஹெட் வளைந்துவிடும். இது ஊட்டியில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய விஷயம். அக்னி நட்சத்திரத்தில் கத்திப்பாராவில் டிராஃபிக்கில் நிற்கும் வண்டிக்கு விட முடியாது. முன்பக்க ஃபேன், குழாய், தெர்மோஸ்டாட், காற்று வெளியேற்றும் வால்வு எல்லாவற்றையும் முதல் நாளே செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் யோசியுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப்பின் வாஷர்களையும் அது அரிக்கும். எக்ஸ்1/9-ல் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் சூடான எஞ்சின். ஹோஸ்கள் அத்தனையையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றாமல் சாவியைத் திருப்பவே கூடாது.

மறைந்திருக்கும் செலவு வேறு எங்கெல்லாம்? கூரியரில் வரும் பாகத்துக்குச் சுங்கவரியும் ஜிஎஸ்டியும். ஒரே ஒரு கிளிப்புக்காகக் காத்திருக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் ஷெட் வாடகை. தகட்டு வேலைக்கு டிங்கரின் கூலி. வண்டியைப் பிரித்த பிறகு கண்ணில் தென்படும் ஓட்டைகள் எப்போதும் பிரிக்கும் முன் எண்ணியதைவிட அதிகம். என் கணக்கு இது: கையில் உள்ள மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரின் விலைக்குப் போகக் கூடாது. மீதி இரண்டு பங்கும் காரைத் தொட்ட பிறகு தேவைப்படும்.

எப்போது இது நல்ல தேர்வு? பேப்பர் சுத்தம், கூடு கெட்டி, எஞ்சின் மட்டும் போயிருக்கிறது, வீட்டில் ஷெட் இருக்கிறது, மூன்று வருடம் ஓட்டாமல் வேலை பார்க்கும் பொறுமை இருக்கிறது என்றால் தைரியமாக வாங்குங்கள். போரிங், ஹெட் ஃபேசிங், கிராங்க் கிரைண்டிங் என எஞ்சினைப் புதுப்பிக்கும் வேலை எல்லாவற்றுக்கும் சென்னையில் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். எஞ்சின் போனதைக் காட்டி விலையையும் குறைத்துப் பேசலாம்.

## இரண்டாவது வழி: நம்ம ஊர் நடு-எஞ்சின்

பலருக்கு இது தோன்றுவதே இல்லை. மாருதி ஆம்னியின் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, ஓட்டுவது பின் சக்கரங்கள். 1984 முதல் 2019 வரை வந்த வண்டி. டாடா நானோவில் 624 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் பின்பக்கம் இருந்து பின் சக்கரங்களை ஓட்டுகிறது. அமைப்பைப் பார்த்தால் ஆம்னி நடு-எஞ்சின் குடும்பம்தான், நானோவைப் பின்-எஞ்சின் என்பார்கள், அதுவும் நெருங்கிய உறவுதான்.

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் சுகம் இவற்றில் வராது. ஆம்னி உயரமான, லேசான வண்டி. வேகமாக வளைத்தால் சாயும். முன்னால் இடி தாங்க எதுவும் இல்லை, கால்முட்டிதான் பம்ப்பருக்கு அடுத்து. இதை ரேஸ் வண்டி ஆக்கும் எண்ணம் இருந்தால் வாங்காதீர்கள். ஆனால் கற்றுக்கொள்ள இவை பொன்னான வண்டிகள். சீட்டைத் தூக்கி, இடமில்லாத பொந்துக்குள் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டை விரல் நுனியால் தேடிக் கழற்றும் வேலை எம்ஆர்2-விலும் இதே மாதிரிதான் இருக்கும். ஆம்னியின் 796 சிசி எஞ்சின் மாருதி 800-ல் இருந்ததேதான். புதுப்பேட்டையில் அதற்குக் கிடைக்காத பாகம் இல்லை, ஊரில் எந்த மெக்கானிக்கிடமும் சந்தேகம் கேட்கலாம்.

ஆம்னியில் துரு பார்க்க வேண்டிய இடங்கள்: நடுக்கதவு ஓடும் ரெயிலுக்குக் கீழே, படிக்கட்டுப் பகுதி, ரப்பர் பாயின் அடியில் உள்ள தரைத்தகடு. கேஸ் கிட் மாட்டிய வண்டி என்றால் அது ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி வண்டியாகவோ கேட்டரிங் வண்டியாகவோ ஓடியிருந்தால் அடி வாங்கியிருக்கும்.

நானோவில் தொடக்கக்கால வண்டிகள் சில தீப்பிடித்தபோது 2010-ல் டாடா நிறுவனம் எக்சாஸ்ட்டுக்கும் மின் இணைப்புகளுக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்திக் கொடுத்தது. பழைய நானோ வாங்கினால் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று சர்வீஸ் புக்கில் பாருங்கள். ஆரம்ப மாடல்களில் பின்கதவு திறக்காது, பின்சீட்டை மடக்கித்தான் எஞ்சினைத் தொட முடியும்.

"நானோவில் பெரிய பைக் எஞ்சினை மாட்டினால்?" என்றும் கேட்கிறார்கள். ஆர்டிஓவின் முன் அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றிய வண்டி சாலைக்கு ஆகாது, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும்.

கையில் ஒரு லட்சம்தான் இருக்கிறது, இதுவரை ஸ்பேனரே பிடித்ததில்லை, கல்லூரிக்குப் போய்வர வண்டியும் வேண்டும் என்றால் இந்த வழிதான்.

## மூன்றாவது வழி: சென்னையில் பிறந்த ஹெரால்டு

எஞ்சின் முன்னால் இருந்தாலும் பரவாயில்லை, அழகான பழைய கார்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தேடிப் பாருங்கள். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்ட கார் இது. இங்கிலாந்தில் இதே ஹெரால்டை அடிப்படையாக வைத்துத்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவானது.

துரு விஷயத்தில் இந்தக் காருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, உடம்பு அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. ஒரு பகுதி அரித்துப்போனால் அதை மட்டும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். சட்டத்தைத் தனியாக எடுத்து, தட்டி, பற்றவைத்து, பெயிண்ட் அடிக்கலாம். தகட்டுக்கூடு வண்டியில் இந்த வசதி கிடையாது. பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும், டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைக் கழற்றலாம். 948 சிசி எஞ்சின், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பாயின்ட். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று இரண்டே கேள்வியில் கோளாறைப் பிடித்துவிடலாம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் கார்களுக்குப் பாகம் செய்து விற்கும் கடைகள் நிறைய இருப்பதால் முக்கியமான பாகங்கள் வரவழைக்க முடியும்.

குறைகள்? பின் சஸ்பென்ஷன் பழைய ஊசல் அச்சு வகை. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கும். பிரேக் அந்தக் காலத்தது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதியும் வழியும் இருக்கிறது: முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும்தான்.

ஹெரால்டு கிடைக்காவிட்டால் மாருதி எஸ்டீம். அதன் 1,298 சிசி எஞ்சின்தான் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடிய எல்ஜிபி ஃபார்முலா ரேஸ் கார்களிலும் இருந்தது. நன்றாகச் சுழலும், சரிபண்ணத் தெரிந்தவர்கள் ஏராளம். எஸ்டீமைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. முதல் கார் வாங்குபவர்களுக்குத் தொல்லை குறைவு.

## நான்காவது வழி: காரே வாங்காமல்

இந்த நான்கில் நிஜமான நடு-எஞ்சின் பந்தயக் கார் கைக்குக் கிடைப்பது இந்த வழியில்தான். பொறியியல் கல்லூரியில் சேரப்போகிறவர்கள் அங்கே ஃபார்முலா ஸ்டூடண்ட் அணி இருக்கிறதா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். ஐஐடி மெட்ராஸில் ராஃப்தார் அணி இருக்கிறது. மாணவர்களே குழாய்ச் சட்டம் பற்றவைத்து, பெரும்பாலும் கேடிஎம் 390 பைக் எஞ்சினையோ மின்மோட்டாரையோ ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த டிராக்குக்குப் பெயர் வரக் காரணமான கரிவரதன், 1980-களின் கடைசியில் மாருதி எஞ்சினை வைத்து மலிவான ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கோவையில் கட்டியவர்.

ஆர்சி, ஆர்டிஓ, துரு எதுவும் இல்லை. ஆனால் கார் உங்களுடையது இல்லை. வருடக் கடைசியில் அதைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். கலை, அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த வழி பெரும்பாலும் திறப்பதில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | எம்ஆர்2 / எக்ஸ்1/9 | ஆம்னி / நானோ | ஹெரால்டு | கல்லூரி அணி |
|---|---|---|---|---|
| பேப்பர் சிக்கல் | மிக அதிகம் | குறைவு | வாரிசு, பெயர் மாற்றம் பார்க்கணும் | இல்லை |
| துரு வேலை | கூட்டில் இருந்தால் தீராது | தட்டிச் சரிசெய்யலாம் | கழற்றிச் செய்யலாம் | இல்லை |
| பாகம் | பெரும்பாலும் கூரியர் | புதுப்பேட்டை | தேடணும், கொஞ்சம் வரவழைக்கணும் | அணியின் பொறுப்பு |
| மறைமுகச் செலவு | புதுப்பித்தல் கட்டணம், சுங்கவரி, ஷெட் வாடகை | கேஸ் கிட், தேய்ந்த பாகங்கள் | குரோம், ரப்பர், உள் அலங்காரம் | நேரம், தேர்வு மதிப்பெண் |
| ஓட்டும் சுகம் | உச்சம் | சுமார் | மெதுவான சுகம் | டிராக்கில் மட்டும் |
| அன்றாடம் ஓட்ட | கஷ்டம் | வசதி | விடுமுறைக்கு மட்டும் | முடியாது |

## வயதும் உயிரும்

பதினெட்டு ஆகாத பிள்ளை கார் ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "தெருமுனை வரைதான், டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன்" என்பதும் இதில் அடங்கும். பதினாறு, பதினேழில் வாங்கிச் சரிபண்ணலாம். ஓட்டிப் பார்ப்பது பெரியவர் வேலை.

லைசென்ஸ் வந்த பிறகும் நடு-எஞ்சின் காருக்குத் தனிப் பழக்கம் வேண்டும். வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் சுழன்று முன்னால் வரும். முதல் மழையில் ஈசிஆரில் இதைக் கற்றுக்கொள்ள முயலக் கூடாது. டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரம், வருடம் பாருங்கள். ஷெட்டில் கிடந்த காரின் டயர் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பட்டறை வேலையில் மூன்று விஷயத்தில் பெற்றோர் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். அடியில் படுக்க வேண்டும் என்றால் நான்கு இரும்பு ஸ்டாண்ட், செங்கலோ ஹாலோ பிளாக்கோ கூடவே கூடாது. பற்றவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை வண்டியை விட்டே இறக்கி வெளியே வைக்க வேண்டும். பழைய பிரேக்கின் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

## யாருக்கு எது

தாம்பரம், ஆவடி, அம்பத்தூர் பக்கம் தனி வீடு, மூடிய இடம், வீட்டில் ஒருவருக்காவது இயந்திர வேலை பழக்கம், நல்ல பேப்பரோடு கெட்டியான கூடு: எம்ஆர்2. இதில் ஒன்று குறைந்தாலும் தள்ளிப்போடுங்கள். இரண்டு குறைந்தால் ஆம்னியில் ஒரு வருடம் கைபழகிவிட்டு வாருங்கள். அந்த வருடத்தில் ஒரு நல்ல டிங்கரையும் லேத்காரரையும் சம்பாதித்துவிடுவீர்கள், பின்னாளில் எம்ஆர்2-வுக்கும் அவர்கள்தான் வேண்டும். பழைய கார் என்றால் உயிர், வேகம் முக்கியமில்லை, தாத்தாவோடு சேர்ந்து செய்யப் போகிறேன் என்பவர்களுக்கு ஹெரால்டு. அபார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு பொறியியல் படிக்கப்போகிறவர்களுக்குக் கல்லூரி அணி.

அப்பாக்களுக்கு ஒன்று. எம்ஆர்2 கேட்ட பிள்ளைக்கு, கேட்காமலேயே ஆம்னியை வாங்கி வாசலில் நிறுத்தாதீர்கள். இரண்டையும் பார்க்கக் கூட்டிப் போங்கள். காந்தத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். பட்டியைத் தன் கையால் பெயர்த்துப் பார்த்த பிள்ளை அந்தக் காரை வேண்டாம் என்று தானே சொல்லும், கெட்டியான கூடாக இருந்தால் ஏன் வேண்டும் என்றும் சரியாகச் சொல்லும்.

## அட்வான்ஸ் கொடுக்கும் முன்

ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள். துருவால் எண் அழிந்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அரசின் வாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, கடன் பாக்கி இருக்கிறதா, வண்டி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து போடுபவர் ஆர்சியில் பெயர் உள்ளவர்தானா என்று அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டிங்கருக்கு அரை நாள் கூலி கொடுத்து வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் காட்டுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஒத்துக்கொண்டால், அட்வான்ஸ் ரசீதில் "பெயர் மாற்றம் ஆகாவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.